டே கேர் தொடங்க ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்: 18,000 ரூபாய் கொடுத்து வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எந்தப் பக்கத்துக்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். என் கைக்கு வந்த அறிக்கையில் ஆறேழு பக்கம் தங்கம். பத்துப் பதினைந்து பக்கம் வங்கிக்காக இருந்தே ஆக வேண்டியவை. மீதிப் பக்கங்களில் சிலவற்றை எடுத்துவிடச் சொன்னேன், சிலவற்றை நானே உட்கார்ந்து எழுதினேன்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கோவை கணபதியில் ஒரு நர்சரிப் பள்ளியில் ப்ரீகேஜி டீச்சராகப் பல வருஷம் இருந்தேன். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு தனி வீட்டின் தரைத்தளத்தை வாடகைக்குப் பிடித்து, ஆறு மாதக் குழந்தை முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரை 30 பேரைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் தொடங்குவது திட்டம். வங்கிக் கடனுக்கு, இடம், ஆள், வரவு, செலவு எல்லாவற்றையும் காட்டும் திட்ட அறிக்கை வேண்டும். காந்திபுரத்தில் ஓர் அலுவலகத்தில் அதைச் செய்து வாங்கினேன். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும், எக்ஸல் பார்க்கும் ஒரு பெண்ணும்தான் அங்கே ஆட்கள். பெயர் வேண்டாம். குறைகளும் எழுதப் போகிறேன், தவிர இப்படி ஓர் அலுவலகம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அங்கே போய் எதைக் கேட்டு வாங்குவது என்பதுதான் நமக்குத் தேவை.

இதைவிட மலிவாகவும் கிடைக்கிறது. திருப்பூரில் என் தோழி ஒருத்தி 4,000 ரூபாய் கொடுத்து ஒரே நாளில் வாங்கிய அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். ஆயிரம் சதுர அடியில் 60 குழந்தைகள். முதல் மாதமே 60 பேரும் சேர்ந்துவிடுகிறார்கள். 60 பேருக்கு ஆயா இரண்டே பேர். ‘மூலப்பொருள்’ என்ற தலைப்பின் கீழே சிலேட்டும் சாக்பீஸும் எழுதியிருந்தது. ஏதோ ஒரு தொழிலுக்குச் செய்த படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிக்கையை வங்கியில் இரண்டு நிமிடம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவள் என்னைவிட நல்ல டீச்சர். பிள்ளைகள் அவள் இடுப்பை விட்டு இறங்க மாட்டார்கள். அந்தத் திறமை எதுவும் அந்தத் தாளில் இல்லை. எனக்கு இன்றைக்கும் அது மனசு ஆறவில்லை.

காந்திபுரத்து சார் முதல் சந்திப்பில் கணக்கே பேசவில்லை. வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். சத்தி ரோட்டில் இருந்து உள்ளே என்றேன். “அது இல்லம்மா, வேலைக்குப் போறவங்க போற பக்கமா, வர்ற பக்கமா?” என்றார். காலையில் குழந்தையை விட்டுவிட்டு ஓடும் அம்மாவுக்கு வண்டியைத் திருப்ப நேரம் இருக்காது, போகிற வழியில் இடதுகைப் பக்கம் இருந்தால்தான் நிறுத்துவாள் என்பது அவர் கணக்கு. கீரணத்தம் ஐடி பார்க்குக்குப் போகிறவர்கள், விளாங்குறிச்சி டைடல் பார்க்குக்குப் போகிறவர்கள், இந்த இரண்டு கூட்டமும் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் எந்தத் தெரு வழியாகப் போகிறார்கள் என்று போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். சுற்றியுள்ள அபார்ட்மெண்ட்களின் வாசலில் நின்று கேட்க வேண்டிய கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். குழந்தைக்கு என்ன வயது, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், பாட்டி வருஷத்தில் எத்தனை மாதம் வந்து இருக்கிறார், நீங்கள் திரும்பி வர எத்தனை மணி ஆகும்.

கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் என் நேரத்தை முடிவு செய்தது. ஐந்தரைக்கு மூடினால் பாதிப் பேருக்குப் பயனில்லை. ஆறரை வரை வேண்டும், அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம் என்று அறிக்கையிலேயே எழுதினோம். இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு இடம் கேட்டவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். அது முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்ணின் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. பிளே ஸ்கூல் அந்தக் குழந்தையை எடுத்துக்கொள்ளாது. பாட்டி ஊரில் இருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத்தான் நான் தேவை என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து வந்தது அரைமணித் தாள். இந்தச் சேவையின் மதிப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலை எட்டேகாலில் இருந்து இரவு ஏழு வரை அரைமணிக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் கைக்குழந்தை எத்தனை, ஒன்றரை வயதுக்கு மேல் எத்தனை, பள்ளி விட்டு வரும் பிள்ளை எத்தனை. எதிரே அந்த நேரத்தில் கட்டடத்துக்குள் இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர். அதில் சாப்பிடப் போனவர் எத்தனை, டயப்பர் மாற்றும் இடத்தில் இருப்பவர் எத்தனை, அடுப்படியில் நிற்பவர் யார். ஆறு கைக்குழந்தைகளுக்கு இரண்டு ஆயா, நடக்கிற பிள்ளைகள் 14 பேருக்கு ஒரு டீச்சரும் இரண்டு ஆயாவும் என்பது நான் சொன்ன கணக்கு. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், அவரும் இறக்கச் சொல்லவில்லை. இரண்டு ஆயாக்கள் எட்டேகால் முதல் ஐந்தேகால் வரை, மற்ற இரண்டு பேர் ஒன்பதே முக்காலில் இருந்து ஆறே முக்கால் வரை. டீச்சர் ஒன்பதிலிருந்து நான்கு.

மொத்தமாகப் பார்த்தால் ஆள் போதும். அரைமணி அரைமணியாகப் பிரித்ததும் ஓட்டை தெரிந்தது. மூன்றரைக்குக் கைக்குழந்தைகள் தூக்கம் கலைந்து எழும். பால், டயப்பர், அழுகை எல்லாம் ஒரே நேரத்தில். நான்கு மணிக்கு டீச்சர் கிளம்புவார். மூன்றே முக்காலில் இருந்து நாலேகாலுக்குள் பள்ளி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். வேன் டிரைவரிடமிருந்து பிள்ளையைக் கைபிடித்து வாங்க வாசலில் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும், அந்த இடத்தை எந்த நேரத்திலும் காலியாக விட முடியாது. பத்துப் பிள்ளைகள் பசியோடு உள்ளே வருகிறார்கள். ஐந்தேகாலுக்கு இரண்டு ஆயாக்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த எக்ஸல் பெண் மூன்றரையிலிருந்து ஆறரை வரைக்குமான கட்டங்களைச் சிவப்பாக்கித் திரையைத் திருப்பிக் காட்டினாள். நான் வகுப்பறையில் எத்தனையோ வருஷம் இருந்தவள், பள்ளியில் அந்த நேரத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியிருப்போம். காப்பகத்தில் நாள் அங்கேதான் உச்சிக்கு ஏறுகிறது.

அதற்காக மாலை மூன்று மணி நேரத்துக்கு மட்டும் ஒரு கல்லூரிப் பெண்ணை 6,000 ரூபாய்க்கு வைப்பது என்று முடிவானது. அப்புறம் சார் பேனாவால் ஒரு ஆயாவின் வரிசையை அப்படியே அடித்தார். “இன்னிக்கு இந்தம்மா வரல. காலைல ஏழு மணிக்கு போன் வருது, பேத்திக்குக் காய்ச்சல்னு. இப்போ சொல்லுங்க.” அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ‘மாற்று ஆள்’ என்ற செலவு வரி வந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வைத்து, வருகிற நாளுக்கு 500 ரூபாய். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால் அந்த வாரங்களில் எத்தனை பெற்றோர் பிள்ளையை விடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கும் முறையும் அறிக்கையில் சேர்ந்தது.

பணக் கணக்கு இந்தத் தாளிலிருந்துதான் கிளம்பியது. கைக்குழந்தைக்கு மாதம் 11,000, நடக்கிற பிள்ளைக்கு 8,500, பள்ளி விட்டு வருகிறவர்களுக்கு 4,500. முப்பதும் நிறைந்தால் 2,30,000 வரவு. செலவில் என் சம்பளம் 20,000 உட்படச் சம்பளங்கள் 95,000, வாடகை 28,000, சாப்பாடு 21,000, கரண்ட், தண்ணீர், சோப்பு, மாற்று ஆள் எல்லாம் சேர்த்து 19,000. ஆக 1,63,000. பத்து லட்சம் கடனுக்கு ஐந்து வருஷத் தவணை, 11 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் 21,700. முப்பது பேர் இருந்தால் மிஞ்சும். 24 பேர் என்றால், சாப்பாட்டுச் செலவும் குறைவதால், தவணை போக மூவாயிரம் சொச்சம் நிற்கும், கையைக் கடிக்காது, அவ்வளவுதான். 24-க்குக் கீழே போனால் என் சம்பளத்திலிருந்துதான் தவணை.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. பள்ளி விட்டு வரும் பத்துப் பிள்ளைகள் கட்டுவது 45,000. அவர்களுக்கென்று ஆகும் தனிச் செலவு கல்லூரிப் பெண்ணின் 6,000, சிற்றுண்டி 3,000. வீட்டு வாடகை முழுவதையும் கட்டிய பிறகும் இவர்களிடமிருந்து 8,000 மிஞ்சுகிறது. கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டால், கட்டணம் அதிகம் என்றாலும் ஆளும் அதிகம் வேண்டும். அப்படியானால் கைக்குழந்தைகளைக் குறைத்துவிடலாமா என்று அந்த எக்ஸல் பெண் கேட்டாள். சார் மறுத்தார். ஆறு மாதத்தில் வரும் குழந்தை நம்மிடமே நடக்கப் பழகி, பள்ளிக்குப் போய், பிறகு மாலையில் வேனில் வந்து இறங்கும். அந்தக் குடும்பத்தை மறுபடி தேடிப் போக வேண்டியதில்லை. எனக்கு அந்தப் பதில் பிடித்தது. கணக்கு ஒத்துவந்ததற்காக மட்டும் இல்லை. நாலைந்து வருஷம் ஒரே கைகளில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் தைரியத்தை வகுப்பறையில் பார்த்தவள் நான்.

மாதவாரிக் கணக்கும் நேர்மையாக இருந்தது. ஜூனில் ஆறு பேர், தீபாவளிக்குள் 13, 14, மார்ச்சில் 22 என்று மெதுவாக ஏறும்படி போட்டார். மே மாதம் நடக்கிற பிள்ளைகளில் பாதி பாட்டி ஊருக்குப் போய்விடும், அதற்குப் பதிலாகப் பள்ளிப் பிள்ளைகள் முழுநாளும் வருவார்கள் என்று அந்த மாதத்துக்குத் தனிக் கட்டணம். முதல் வருஷத்தில் விழும் பள்ளம் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. அதைத் தாங்க, அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனமாக நான்கு லட்சம் வைத்தார். வீட்டு அட்வான்ஸ் இரண்டு லட்சம், குழந்தைகளுக்கேற்ற கழிப்பறை, ஜன்னல் வலை, கேட், கேமரா, வாஷிங் மெஷின், பாய், கட்டில் எல்லாம் சேர்த்து மொத்தத் திட்டச் செலவு 14,60,000. இதில் 4,60,000 எங்கள் கையிலிருந்து.

வங்கியில் இந்தப் பகுதியை மேனேஜர் முழுவதும் படித்தார். “ஆயா வரலைன்னா என்ன பண்ணுவீங்க?” என்று அவரும் கேட்டார். அரைமணித் தாளைத் திருப்பிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்டது வீட்டு ஒப்பந்தத்தைப் பற்றித்தான். நம் ஊரில் எல்லோரும் போடுவது 11 மாத ஒப்பந்தம். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அப்படிப் பழகிவிட்டது. ஐந்து வருஷக் கடனை 11 மாத வீட்டை நம்பி எந்த வங்கி கொடுக்கும்? இதைக் காந்திபுரத்து சார் முன்பே சொல்லி, ஓனரிடம் ஐந்து வருஷத்துக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் பேசச் சொல்லியிருந்தார். ஓனர் அம்மா முதலில் தயங்கினார். வருஷத்துக்கு இத்தனை சதவீதம் வாடகை ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியதும் சம்மதித்தார். காப்பகத்துக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். இடம் மாறினால் பெற்றோர் கூடவே வர மாட்டார்கள், அவர்கள் போகிற வழியே வேறு.

கடன் எந்தத் திட்டத்தில் என்பதிலும் அலுவலகம் உதவியது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம் என்று 2022-ல் உயர்த்தினார்கள். பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் மானியம், நம் பங்கு 5 சதவீதம் போதும். மானியத் தொகை உடனே கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகும் பாதை, விண்ணப்பம், பரிசீலனை, பயிற்சி என்று நேரம் எடுக்கும். ஜூனில் கதவைத் திறக்காவிட்டால் ஒரு பள்ளி வருஷமே போய்விடும் என்பதால் நான் சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் தருண் பிரிவைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை, சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அவசரம் இல்லாதவர்கள் மானியத் திட்டத்தையே பாருங்கள், அது சின்னத் தொகை இல்லை.

இனிக் குறைகள்.

முதலாவது, அனுமதிகள். “தேவையான அனைத்து அனுமதிகளும் பெறப்படும்” என்று ஒரே வரி. குழந்தைகளை வைத்து நடத்தும் இடத்துக்கு இப்படி எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை, சாரிடம் அப்படியே சொன்னேன். தமிழ்நாட்டில் பிளே ஸ்கூல்களுக்கென்று 2015-ல் தனி விதிமுறைகள் வந்தன. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, சமைத்துக் கொடுப்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு என ஒவ்வொன்றுக்கும் செலவு இருக்கிறது, காலம் இருக்கிறது. தீயணைப்புக் கருவி வாங்குவதும், இரண்டாவது வாசல் வைக்கச் சுவரை உடைப்பதும் திட்டச் செலவில் வர வேண்டியவை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு இந்த மாநிலத்தில் பிள்ளைகளுக்காக ஒரு கதவு திறக்கும் யாரும் அடுப்படி எங்கே, வாசல் எத்தனை என்பதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அனுமதிகள் பகுதியை மூன்று பக்கத்தில் நானே எழுதினேன். வீட்டின் வரைபடத்தில் அடுப்படியைப் பின்பக்கத் தனி அறைக்கு மாற்றி, தூங்கும் அறையிலிருந்து வெளியே போகும் வழியை அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அறிக்கையில் அது ஏழாம் பக்கமாகச் சேர்ந்தது.

இரண்டாவது, ஜிஎஸ்டி. வார்த்தையே இல்லை. மாதம் 2,30,000 என்றால் வருஷத்துக்கு 27,60,000. சேவைத் தொழிலுக்குப் பதிவு வரம்பு 20 லட்சம். முன்பருவக் கல்விக்கு வரிவிலக்கு இருக்கிறது. வெறும் பகல்நேரப் பராமரிப்பு என்று பில் போட்டால் அதே விலக்கில் சேருமா என்பதை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசித்தான் எழுத வேண்டும். கட்டணத்தில் வரி உண்டா இல்லையா என்பது 8,500 ரூபாய் கட்டும் அம்மாவுக்குப் பெரிய வித்தியாசம். நான் தனியாக ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் இரண்டாம் வருஷக் கணக்கைத் திருத்தினார்கள். இதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள், இது அவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

மூன்றாவது, சந்தை ஆய்வு என்ற பெயரில் ஒன்பது பக்கம். உலகம் முழுக்கக் குழந்தைப் பராமரிப்புத் தொழில் எவ்வளவு வளர்கிறது, எந்த நாட்டில் எவ்வளவு, வண்ண வண்ணமாகப் படங்கள். அபார்ட்மெண்ட் வாசலில் நின்று நான் எழுதிக்கொண்டு வந்தது அரைப் பக்கமாகச் சுருங்கிக் கடைசியில் கிடந்தது. அதை முன்னால் கொண்டுவந்து, உலகத்தை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார்கள், மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் உருப்படியாக இருந்தது ஒரே பத்திதான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்ற விதியை அதே 2017 திருத்தம் கொண்டுவந்தது. தனியாகவும் வைக்கலாம், பொது வசதியாகவும் இருக்கலாம். சுற்றியுள்ள சின்ன ஐடி கம்பெனிகளுக்கு இரண்டாம் வருஷத்திலிருந்து மாதம் இத்தனை இடம் என்று ஒப்பந்தம் பேசலாம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல யோசனை. யாரிடம், எப்படி, என்ன விலைக்கு என்று இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாம்.

நான்காவது, எக்ஸல் ஃபைல். பிடிஎஃப் மட்டும் கொடுத்தார்கள். கேட்டபோது வந்த எக்ஸலில் சூத்திரங்கள் இல்லை, வெறும் எண்கள். வாடகை ஆயிரம் கூடினால் தவணைக்கு என்ன மிஞ்சும் என்று நானே போட்டுப் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் 1,500 என்று தனிக் கட்டணம் வேறு. விடாமல் கேட்டுச் சூத்திரங்களோடு வாங்கினேன். நேரமும் சொன்னபடி இல்லை. இரண்டு வாரம் என்றார்கள், ஒரு மாதம் தாண்டியது. ஜூனை நோக்கி ஓடிக்கொண்டிருப்பவளுக்கு அந்தத் தாமதம் ரொம்பவே கஷ்டமாக இருந்தது.

இலவசமாக வழி இல்லையா என்றால் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்டால் எந்தத் திட்டம் பொருந்தும் என்று சொல்வார்கள். சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது. மேலே சொன்ன மானியத் திட்டத்தை நடத்தும் காதிக் கமிஷனின் தளத்தில் மாதிரித் திட்ட அறிக்கைகள் கிடைக்கின்றன. கணக்குத் தெரிந்த, நேரம் உள்ள ஒருவர் இவற்றை வைத்துத் தானே எழுதிவிடலாம். ஆனால் அங்கே யாரும் உங்கள் ஆயாவின் வரிசையைப் பேனாவால் அடித்துக் காட்ட மாட்டார்கள். அந்த ஒரு மதியத்துக்காகவே நான் கொடுத்த காசு எனக்குச் சம்மதம்.

யாருக்கு இந்தச் சேவை வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு 18,000 அதிகம். முத்ராவில் 50,000 வரையிலான சிசு பிரிவே அவர்களுக்குப் போதும், அதற்கு இவ்வளவு பெரிய அறிக்கை தேவையில்லை. அரைமணித் தாளை மட்டும் ஒரு நோட்டில் கோடு போட்டு நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகளின் ஃப்ரான்சைஸ் எடுப்பவர்களுக்கும் வேண்டாம், அவர்களே அறிக்கை தருவார்கள். ஆனால் அதில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் என்று போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் மற்ற எந்தப் பக்கம் நன்றாக இருந்தும் பயனில்லை.

20 முதல் 40 பிள்ளைகள் வரை, வாடகை வீட்டில், கடன் வாங்கித் தொடங்குகிறவர்கள் தாராளமாகப் போகலாம். முன்பணம் கொடுக்கும் அன்றே மூன்று விஷயத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சூத்திரங்களோடு எக்ஸல் தர வேண்டும், வங்கி கேட்கும் முதல் இரண்டு திருத்தங்களுக்குத் தனிக் காசு கிடையாது, அனுமதிகளுக்கும் தீப்பாதுகாப்புக்கும் தனிப் பகுதி, செலவு விவரத்தோடு. நான் கேட்ட பிறகு காந்திபுரத்து சார் அந்தப் பகுதியைத் தன் படிவத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். என் ஏழாம் பக்கத்தை மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று வரைபடத்தையும் சேர்த்து அனுப்பினேன்.